துருப்பிடிக்காத மேசை

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில்தான் அந்த மேசையை முதலில் பார்த்தேன். புதுசு. மேலே ஒட்டியிருந்த நீல நிறப் பிளாஸ்டிக் தாளைக்கூட ஒரு மூலையில் இன்னும் உரிக்கவில்லை. அந்தக் கடைக்குப் பதினெட்டு வருடமாக மேசை, சிங்க், புகைக்கூண்டு என்று எல்லாவற்றையும் செய்து கொடுத்தவர்கள் நாங்கள். இந்த மேசையை மட்டும் எங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

நாங்கள் என்றால் என் அண்ணனின் பட்டறை. கிராஞ்சியில் இருந்தது. எவர்சில்வர் தகடு வாங்கி, வெட்டி, மடக்கி, பற்றவைத்து, உணவகச் சமையலறைக்கு வேண்டியதைச் செய்வோம். அண்ணன் முதலாளி. நான் அளவெடுப்பவள். டேப்பும் நோட்டுமாகச் சமையலறை சமையலறையாகப் போய் அளந்து, படம் வரைந்து கொடுப்பேன். இருபத்து நான்கு வயதில் அந்த வேலைக்குப் போனேன். இப்போது ஐம்பத்தைந்தைத் தொடப்போகிறேன்.

கடைக்காரர் என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க லா. ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினேன். சும்மா பாக்கலாம்னு."

"என்ன வெலைண்ணே?"

சொன்னார். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார். அந்த மேசைக்கு ஆகும் வெறும் தகட்டை நாங்கள் வாங்கும் விலையைவிட அது குறைவு. வெட்டியவனுக்குக் கூலி, பற்றவைத்தவனுக்குக் கூலி, கப்பல், துறைமுகம், லாரி எல்லாம் சேர்ந்தும் அந்த விலை.

பட்டறைக்குத் திரும்பி அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"தகரமா இருக்கும். ஆறு மாசத்துல துரு புடிக்கும். அப்ப நம்மகிட்டதான் வந்து நிப்பாரு, பாரேன்."

ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. மறுவாரமே அதே மாதிரி ஒரு மேசையை வேறொருவர் பெயரில் வரவழைத்தார். பட்டறை நடுவில் போட்டு, ஆட்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்தார். மட்டமான எவர்சில்வரில் காந்தம் ஒட்டும். இதில் ஒட்டவில்லை. மட்டமானதென்றால் நிறம் மாறும் சொட்டு மருந்தை ஒரு துளி விட்டார். நிறம் மாறவில்லை. பிறகு காலை அறுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஃபோர்மேன்தான் அறுத்தார். பதினேழு வருடம் எங்களோடு இருந்தவர். அறுத்த இடத்தில் விரலை விட்டுத் தடவினார்.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணன்.

"நல்லாத்தாண்ணே செஞ்சிருக்கான்."

அண்ணன் காலால் அந்த மேசையை உதைத்துக் கவிழ்த்தார். "அப்ப அவன்கிட்டயே போய் வேல பாரு," என்றார். ஃபோர்மேன் கிரைண்டரைச் சுத்தம் செய்யப் போனார். உண்மையைச் சொன்னதற்காக அன்றிலிருந்து ஒரு மாதம் அண்ணன் அவரோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மூலமாகச் சொல்லியனுப்புவார், அவர் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாலும்.

விலை எப்படி இவ்வளவு கீழே போகிறது என்பதை எங்களுக்குத் தகடு விற்கும் வியாபாரிதான் விளக்கினார். எந்த நாடு என்பது முக்கியமில்லை. முதலில் ஒரு நாட்டிலிருந்து வந்தது, பிறகு இன்னொன்றிலிருந்தும் வந்தது. அங்கே ஆலை நின்றால் ஊரே தெருவுக்கு வந்துவிடும். அதனால் அரசாங்கம் நிலத்தையும் மின்சாரத்தையும் கடனையும் தாங்கிப் பிடிக்கிறது. உலை அணையக்கூடாது. செய்ததை எங்காவது தள்ளியாக வேண்டும்.

"அவன் சொந்த ஊர்லயே இந்த வெலைக்குக் கெடைக்காதுக்கா," என்றார் வியாபாரி. "வெளிநாட்டுலதான் கொட்டுவான். நம்ம மாதிரி வரி இல்லாத ஊருன்னா ரொம்ப சௌகரியம்."

குப்பையைத்தான் கொட்டுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த ஆறு மாதமும் நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. வியாழக்கிழமைதோறும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். பக்கத்தில் வேலை இருந்ததாகச் சொல்லிச் சமையலறைக்குள் நுழைவேன். சமையற்காரர் நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் தேநீர் ஆற்றிக் கொண்டுவருவார். அவர் திரும்பும் நேரத்தில் மேசையின் அடிப்பக்கம், கால் சேரும் மூலை, சிங்கை ஒட்டிய விளிம்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு பழுப்புப் புள்ளி வேண்டும் எனக்கு. ஒன்றே ஒன்று. சாம்பார் அண்டாவை அதன்மேல் தூக்கி வைக்கும்போதெல்லாம் கால் மடங்காதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மடங்கினால் கொதிக்கும் சாம்பார் யார் காலில் கொட்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தேநீர் கொடுத்தவரின் காலில்தான். தெரிந்தும் அதற்காகக் காத்திருந்தேன்.

கால் மடங்கவில்லை. ஒரு வியாழன், அவர் பின்கட்டுக்குப் போயிருந்த நேரத்தில், பாத்திரம் கழுவும் இடத்திலிருந்த பிளீச் டப்பாவை எடுத்து, தண்ணீர் கலக்காமல் மேசையின் பற்றவைத்த மூலைகளில் ஊற்றிவிட்டு வந்தேன். உப்புக் காற்றையும் புளியையும் தாங்கினாலும் இதைத் தாங்காது என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த வியாழன் போனபோது மேசை பளபளவென்று இருந்தது. சமையற்காரரின் வலது கை விரல்கள்தான் தோல் உரிந்து சிவந்து கிடந்தன.

"என்னமோ அலர்ஜி மாதிரி ஆயிடுச்சுக்கா. மேசையில என்னமோ வழவழன்னு இருந்திச்சு, வெறுங்கையில தொடச்சேன். மறுநாள் இப்படி."

"கையுறை போட்டுக்குங்க," என்றேன். அவர் அந்தக் கையால் நீட்டிய தேநீரை வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் அங்கே போகவில்லை.

இதற்குள் ஆர்டர்கள் பாதியாகிவிட்டன. அண்ணன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார், இப்படிக் கொட்டுகிற சரக்குக்குக் கூடுதல் வரி போடச் சொல்லிக் கேட்கச் சட்டம் இருக்கிறதாம். இருவரும் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். அறுத்த மேசைக்காலை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். எங்களைச் சந்தித்த இளம்பெண் மரியாதையாகப் பேசினாள், பொறுமையாக விளக்கினாள். ஒரே ஒரு பட்டறை கேட்டால் போதாது. இந்தப் பொருளை இங்கே செய்பவர்களில் பெரும்பங்கினர் சேர்ந்து வந்து, தங்கள் தொழில் அடிபட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்," என்றார் அண்ணன். மேசைக்காலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்த பத்து நாளும் நாங்கள் பட்டறை பட்டறையாக அலைந்தோம். பெரும்பாலும் சீன முதலாளிகள். அண்ணனோடு முப்பது வருடமாக மலாயில் பேசிப் பழகியவர்கள். அவசரத்துக்குத் தகடு கொடுத்து வாங்கிக்கொண்டவர்கள். முதல் பட்டறையில் வெல்டிங் சத்தமே இல்லை. உள்ளே போனால் கூரைவரை அட்டைப் பெட்டிகள். எல்லாம் அதே மேசைகள். இரண்டு பேர் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, அந்த ஊர்ச் சீட்டை உரித்துவிட்டு, அந்தப் பட்டறையின் பெயர் பொறித்த சின்னத் தகட்டை ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி எங்களுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். கையெழுத்துப் போட முடியாது என்றார். வரி போட்டால் முதலில் அடிபடுவது அவர்தானே. "நீ மட்டும் ஏன் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று மலாயில் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். ஒருவர் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. பத்தாம் நாள் எங்கள் தாளில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது, அண்ணனுடையது. திரும்பி வரும்போது பேருந்தில் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"ஊர் முழுக்க எல்லாக் கடைக்கும் சீப்பா கெடைக்குது. இதுல நமக்காக யாரு அழப்போறா?"

அன்றைக்குத்தான் நான் அதைச் சொன்னேன். பட்டறைக்கு வந்து இறங்கியதும், ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம்.

"அண்ணே, நாமளும் அதையே கொண்டாந்து நம்ம பேரப் போட்டு வித்துடலாம். ஃபோர்மேனும் ரெண்டு பேரும் இருந்தா ஃபிட்டிங் பாத்துக்கலாம். பட்டறையாச்சும் நிக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். ஆட்கள் சோற்றுப் பொட்டலத்தோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ கோடு போடுற வேலைக்காரி. கோடு மட்டும் போடு."

இருபத்தைந்து வருடம் என்னை அவர் அப்படிச் சொன்னதில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நாள் நினைவில் நின்றிருக்காதோ என்னவோ.

பிறகு ஆள் குறைப்பு தொடங்கியது. பதினொரு பேர் இருந்தார்கள், எல்லாரும் கிராஞ்சியிலேயே தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கியவர்கள். ஒவ்வொருவராக அனுப்பினார். அனுப்பும் செய்தியைச் சொல்வது என் வேலையாயிற்று. வேலை இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. பட்டறையில் வேலை இல்லை என்ற பேச்சு வெளியே போனால் மிச்சமிருக்கும் ஆர்டரும் போய்விடும் என்றார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும்.

அவர்களில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் போடும் வெல்டிங் கோடு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஒரே சீராக இருக்கும். அதைத் தேய்த்து மறைக்கவே மனம் வராது. மாலையில் லாரியில் ஏறப்போனவரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"இந்த மாசத்தோட ஒங்க வேல பெர்மிட்டப் புதுப்பிக்க மாட்டாங்க."

"என் மேல ஏதாச்சும் தப்பாக்கா?"

"ஒங்க வெல்டிங் சரியில்லன்னு அண்ணன் சொல்றாரு."

அவர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த மேசைக்கா? காட்டுங்க, நான் மறுபடி அடிச்சுக் குடுக்குறேன்."

"அதெல்லாம் இனிமே முடியாது," என்றேன். லாரி ஹாரன் அடித்தது. அவர் ஓடிப்போய் ஏறினார். பலகையில் உட்கார்ந்தும் கையைப் பார்த்துக்கொண்டே போனார். ஊருக்குப் போய் அவர் வெல்டிங் வேலைக்கே போகவில்லை, சின்னதாக ஒரு கோழிக்கடை வைத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று சொன்னது பொய் என்று ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். நம்பர் என்னிடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆர்டர் இல்லாத நாட்களிலும் அண்ணன் மிச்சமிருந்த நான்கு பேரைச் சும்மா இருக்க விடவில்லை. யாரும் கேட்காத மேசைகளைச் செய்யச் சொல்லி அடுக்கினார். வெப்பமான தகரக் கூரையின்கீழ் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஃபோர்மேன் தன் மகளின் சடங்குக்கு ஊருக்குப் போய்வர இரண்டு வாரம் விடுப்புக் கேட்டார். "போனா அங்கேயே இரு," என்றார் அண்ணன். ஃபோர்மேன் போகவில்லை. கைபேசியில் சடங்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை சேலையில் நிற்பதைக் காட்டினார். அழகாக இருக்கிறாள் என்று சொன்னேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

அண்ணன் அப்போதும் முழுதாகக் கவிழ்ந்துவிடவில்லை என்பதுதான் ஆச்சரியம். அதற்குக் காரணம் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள். அங்கே ஒரு சுவரும் நேர் கிடையாது. தரை சாக்கடைப் பக்கமாகச் சரியும். தூண் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும். கப்பலில் வரும் மேசை ஒரே அளவில்தான் வரும், சுவரோடு சேராது, இடுக்கில் எண்ணெயும் எலியும் சேரும். அதனால் ஒருசில கடைக்காரர்கள் எங்களிடமே வந்தார்கள். அந்தச் சமையலறைகளின் கோணல் முழுவதும் என் நோட்டுகளில் இருந்தது. மொத்தம் இருபத்தாறு நோட்டு.

இறக்குமதி செய்பவர்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். தமிழர், நாற்பது வயது, முன்பு சரக்குக் கப்பல் கம்பெனியில் இருந்தவர். பொங்கோலில் அவர் வீட்டுக்குக் கீழே, தண்ணீரைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசினோம். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒங்க அண்ணன் இன்னும் நிக்கிறாருன்னா அது வெல்டிங்னால இல்லக்கா. ஒங்களாலதான். எங்ககிட்ட வந்துடுங்க. அளவ அனுப்பினா அங்கயே வெட்டி அனுப்பிடுவான். மூணு வாரம். வெல அப்பவும் ஒங்களவிடக் கம்மிதான்."

அவர் நோட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானாகத்தான் இருபத்தாறையும் இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு டாக்சியில் போனேன். இதை யாரும் என்மேல் திணிக்கவில்லை. பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். வீட்டுக் கடன் இருந்தது, மகன் படித்துக்கொண்டிருந்தான், எல்லாம் உண்மை. ஆனால் டாக்சியில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு போனபோது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது கடன் இல்லை. கோடு போடுற வேலைக்காரி என்ற அந்த வார்த்தைதான்.

அதற்கு முன் அண்ணனிடம் முட்டி வலி, படி ஏற முடியவில்லை, வேலையை விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் பதறிப்போனார். மறுநாளே அண்ணி குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் தைலமும் மீன் குழம்பும். சோபாவில் என்னை உட்காரவைத்து, தரையில் உட்கார்ந்து, என் முட்டியில் தைலம் தேய்த்தார்.

"இத்தன வருஷம் அவருக்காக ஒழைச்சே தேஞ்சிட்ட நீ," என்றார்.

வலியே இல்லாத முட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முட்டிக்கும் தேய்க்கச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வந்தார். ஒரு சனிக்கிழமை மாலை. கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் வைத்தேன். அண்ணன் அதைத் தொடவில்லை.

"முட்டி எப்படி இருக்கு?"

"பரவால்லண்ணே."

"படி ஏற முடியுதா? அந்த மூலக் கடைக்குப் பின்னால படி செங்குத்தா இருக்குமே."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். நான் வரைந்த படம். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மூலைக் கடையின் சமையலறை. புதிய மேசைகளுக்காக அண்ணனைக் கூப்பிட்டிருந்த அந்தக் கடைக்காரர், வேறு யாரோ முன்பே கொடுத்த படத்தைக் காட்டி, இதைவிடக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். படத்தில் பெயர் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பின்சுவர் மேலே போகப் போக இரண்டு அங்குலம் சாய்வது அதில் குறிக்கப்பட்டிருந்தது.

"இந்தச் செவரு சாஞ்சிருக்கிறது ஒனக்கும் எனக்கும்தான் தெரியும்," என்றார்.

கணவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

"எத்தன கடை குடுத்த?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"இருபத்தாறு நோட்டும்."

அவர் குரல் மெல்லியதாக வந்தது. "நீ என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். கோடு மட்டும் போடுன்னீங்க. போடுறேன்."

"சோறு போட்ட எடத்துல..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. வேறு பக்கம் போனார். "வச்சுப் பாரு. அந்த மேசைங்கள்லாம் ஒரு வருசத்துல..."

நான் அவரை முடிக்க விடவில்லை.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் பிளீச் ஊத்தியே பாத்துட்டேன். நம்ம மேசையவிட அது நல்லாருக்கு."

எங்கே படும் என்று தெரிந்துதான் சொன்னேன். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவர் முன்கை முழுக்கச் சின்னச் சின்னத் தழும்புகள். அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயிலான பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கவில்லை. திருப்தியாக இருந்தது. அப்படி இல்லை என்று எழுத ஆசைதான்.

படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். லிப்ட் வரும்வரை வாசலில் முதுகைக் காட்டி நின்றார். நான் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு பட்டறை ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. தகடு மடக்கும் இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரன் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனான். யாரும் கேட்காமல் செய்து அடுக்கியிருந்த மேசைகளும் அதே எடையில்தான் போயின. இதெல்லாம் எனக்கு ஃபோர்மேன் சொல்லித்தான் தெரியும். விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். பெர்மிட் முடிந்துவிட்டது, ஊருக்குப் போகிறார்.

என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்து, அதற்குத் தயாராகத்தான் போனை எடுத்தேன்.

"அண்ணன் மேலயும் கோவம் இல்லக்கா, ஒங்க மேலயும் இல்ல," என்றார். "ஒண்ணே ஒண்ணுதான். அங்க போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நானும் வந்திருப்பேன்ல?"

பின்னால் விமானத்துக்கு அழைக்கும் அறிவிப்புக் கேட்டது. "சரிக்கா, வச்சுடுறேன்," என்று வைத்துவிட்டார்.

இரண்டு வருடம் எங்கள் இறக்குமதிக் கம்பெனி நன்றாக ஓடியது. எனக்கு மேலாளர் என்று பதவி. நான் போகாத சமையலறை இல்லை. பிறகு ஒரு நாள் கப்பலில் வரும் சரக்கின் விலை ஏறியது. அந்த ஊரில் உலைகளைக் குறைத்துவிட்டார்கள், உதவியையும் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. இனி இங்கே போட்டிக்கு யாரும் இல்லை என்று தெரிந்துதான் ஏற்றினார்கள் என்று இன்னொரு பேச்சு. எது சரி என்று எனக்குத் தெரியாது. எங்கள் முதலாளி காரணம் தேடவில்லை. அங்கே ஏறியதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். புதிய விலைப் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒன்று.

பொங்கோலில் புதிதாகத் தோசைக் கடை போட வந்த ஒரு இளம் தம்பதி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

"டூ மச்சா இருக்கேக்கா," என்றாள் அந்தப் பெண். "இங்கயே லோக்கலா செய்றவங்க யாரும் இல்லையா?"

"இல்லம்மா."

"ஒருத்தர் கூடவா?"

"முன்னாடி இருந்தாங்க. இப்ப யாரும் இல்ல."

அவள் கணவன் சிங்க் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். இரண்டு சிங்க் இல்லாமல் சமையலறைக்கு அனுமதி கிடைக்காது என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டார்கள். பேரம் பேச அவர்களுக்கு வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் தள்ளுபடியும் கொடுக்கவில்லை.

நானும் அண்ணனும் ஒரே தேவாலயத்துக்குத்தான் போகிறோம். இரண்டு பேரும் அதை மாற்றவில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். பக்கத்திலிருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது அவர் முன்னாலும் பின்னாலும் திரும்பிக் கும்பிடுவார், என் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். அண்ணி ஆரம்பத்தில் தூரத்திலிருந்தே தலையசைப்பார். தைலம் தேய்த்தது நினைவு வந்ததோ என்னவோ, பிறகு அதையும் நிறுத்திவிட்டார். அண்ணன் இப்போது ஒரு தொழிற்பேட்டையின் வாயிலில் பாதுகாவலர் வேலை பார்க்கிறார். உள்ளே போகும் லாரிகளின் எண்ணை எழுதுவது அவர் வேலை. உட்கார்ந்தே இருப்பதால் உடம்பு போட்டுவிட்டது.

போன மாதம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தார். அண்ணி உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நானும் அதே நிறுத்தத்துக்குத்தான் போயாக வேண்டும். இரண்டடி தள்ளி நின்றேன்.

"வெல ஏத்திட்டீங்களாமே," என்றார். சாலையைப் பார்த்தபடிதான் கேட்டார். நான்கு வருடத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாண்ணே."

"நாலடி மேசை எவ்வளவு?"

சொன்னேன். அவர் உதடு அசைந்தது. தகடு, குழாய், வெல்டிங் கம்பி, ஆள் கூலி, லாரி என்று ஒவ்வொன்றாகக் கூட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த உதடு அது.

"இந்த வெலைக்கு நானே செஞ்சு குடுத்திருப்பேன்," என்றார்.

"தெரியும்ண்ணே," என்றேன்.

அவர் பேருந்து வந்தது. அண்ணிக்காகக் காத்திருக்காமல் ஏறிவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த அண்ணி, என்ன சொன்னே அவர்கிட்ட என்று என்னைக் கேட்டார். மேசை விலை சொன்னேன் என்றேன்.